ரீஸ்டார்ட் செய்யாத பத்து நாட்கள்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். டீ கொடுத்தீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையையும் காட்டினீர்கள். நாற்பது சர்வர், நாற்பது பச்சைப் பொட்டு. எல்லாவற்றிலும் பேட்ச் போட்டாகிவிட்டது என்று உங்களில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆறு பொட்டுகளுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ரீஸ்டார்ட் பாக்கி' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அது ஒண்ணும் அவசரமில்ல சார்" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை அதிகம் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் டீ இறங்காது. ரிட்டையர் ஆன ஆள் அடுத்தவர் ஆபீசில் போய்க் கத்தக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அங்கே கத்தாததை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நான் பொறுமையாகத்தான் எழுதப் பார்க்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசிப் பக்கம், ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனாக இருந்தேன். 'செக்‌ஷனில்' இருந்தேன் என்று எழுதவில்லை, கவனியுங்கள். செக்‌ஷனே நான் ஒருவன்தான். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். கம்பெனியில் என்னைக் 'கம்ப்யூட்டர் சாரு' என்பார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், ஃபேன் ஓடாவிட்டாலும் நான்தான். ஃபேனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு, ஃபேனையும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். கரிசல் காட்டில் சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது. செருப்பு ரூமுக்கு வெளியே கிடக்கும். செல்போன் கேட்டிலேயே நின்றுவிடும். வானத்தில் இடி முழங்கினால் ஆபீஸ் மணி அடிக்கும். மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெறுங்காலோடு கேட்டுப் பக்கத்து ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். அப்படி வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே யாராவது இருக்கிறார்களா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முன்பெல்லாம் கேட்டில் ஒரு பலகை இருந்தது. ஆளுக்கொரு பித்தளை வில்லை, நம்பர் அடித்தது. உள்ளே போகும்போது வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார்கள். பலகையைப் பார்த்தால் உள்ளே யார் என்று தெரிந்துவிடும். நான் வந்ததும் அட்டை கொடுத்தேன். அட்டையைக் கேட்டில் இருக்கும் மெஷினில் தேய்த்தால், எந்த ரூம், எத்தனை மணி, உள்ளேயா வெளியேயா, எல்லாம் ஆபீஸ் சர்வருக்குப் போய்விடும். டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் முத்துலட்சுமி திரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். திறப்பு நாளன்று நானே முதலாளியிடம் சொன்னேன்: "இனி எதுக்கு மொதலாளி இந்தப் பலகை? பாக்கவே அசிங்கமா இருக்கு." பலகையைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். கழற்றிய ஸ்குரூடிரைவர் என்னுடையது.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். அந்த வருடம் எங்கள் சர்வரில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நெட்வொர்க் பகுதியில் ஒரு கோளாறு இருப்பதாகத் தெரியவந்தது. வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் இடத்தில், குறிப்பிட்ட விதமாகக் கோணல்மாணலாக ஒரு செய்தி வந்தால், அதை வேண்டாம் என்று தள்ளத் தெரியாமல் மெஷின் அப்படியே உறைந்துபோகும். அவ்வளவுதான். எதுவும் திருடு போகாது, எதுவும் அழியாது. மெஷின் யாருக்கும் பதில் சொல்லாது, அவ்வளவே. அந்தக் காலத்தில் என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம். தகவல் போனால்தானே ஆபத்து, மெஷின் நின்றால் அணைத்துப் போட்டால் போச்சு என்று இருந்தோம். பதில் சொல்லாமல் இருப்பது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது பிற்பாடு.

அந்த ஓட்டையை அடைக்கப் பேட்ச் வந்தது. கம்பெனி டெலிபோன் லைனில் இறக்கினால் யாராவது ரிசீவரை எடுத்ததும் அறுந்துவிடும். அதனால் விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி, சிடியில் எழுதி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சர்வரில் போட்டேன். போட்டு முடிந்ததும் அது கேட்டது: இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு செய்யவா? ஆபீசில் லோடு பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மூன்று லாரி நின்றது. "சாரு, ஒரு நிமிஷம் கூட நிப்பாட்டிராதீக, டிரைவர் கத்துதான்" என்றார் டெஸ்பாட்ச்காரர். 'பிறகு' என்பதை அமுக்கினேன். ரெஜிஸ்டரில் தேதி போட்டு 'பேட்ச் போட்டாச்சு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மறுநாள் ஆயுத பூஜை. தராசு, பேனா, பசை வாளி, பைண்டிங் ஊசி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சர்வருக்கும் பட்டையாக விபூதி, நடுவில் பொட்டு, மேலே ஒரு முழம் கதம்பம். கீபோர்டையும் மவுஸையும் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் பேனாவோடு வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. கீபோர்டு இல்லாமல் ரீஸ்டார்ட் செய்ய வேறு வழி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று சர்வருக்குச் சந்தனம் பூசியதே நான்தான். சுண்டலும் நன்றாக இருந்தது.

அடுத்த நாள் விஜயதசமி. காலையில் கீபோர்டை எடுத்து மாட்டியதும் முதலாளியிடம் போனேன். சர்வரை ஒரு தடவை அணைத்து எழுப்ப வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏய்யா, நல்ல நாளும் அதுவுமா, ஊரே புதுசா ஒரு காரியத்தத் தொடங்குது. நீ மொதக் காரியமா எதையாச்சும் அணைக்கணும்னு வந்து நிக்கியே?"

அதில் நியாயம் இருப்பதாக எனக்கே பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்து வடக்கே போகிற கடைசி லோடு. அதற்கடுத்து கரண்ட் போனது. ஆனால் யுபிஎஸ் நல்ல யுபிஎஸ், சர்வர் அணையவில்லை. நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கியது. மட்டமான யுபிஎஸ் வாங்கியிருந்தால் அன்றைக்கே தானாக ரீஸ்டார்ட் ஆகித் தொலைந்திருக்கும். சீசன் கடைசி வாரம், தீபாவளி தலைக்கு மேல் நின்றது. திரையின் மூலையில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்கும்: இப்போதா, பிறகா? நான் தினமும் பிறகு என்பேன். நாலு நாளைக்கப்புறம் கட்டத்தைப் படிப்பதையே விட்டுவிட்டேன், கை தானாகப் போய் அமுக்கிவிடும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ முதலாளியே கேட்டார். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் கதை.

"அன்னைக்கு என்னமோ அணைச்சு எழுப்பணும்னியே, அது என்னாச்சு? அவசரமா? அவசரம்னா சொல்லு, லோடை நிப்பாட்டிருவோம்."

வெளியே மூன்று லாரி. டெஸ்பாட்ச்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"அவசரமில்ல மொதலாளி. பேட்ச் போட்டாச்சு. சீசன் முடியட்டும்."

ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்தப் பேட்ச் வேலைக்கே வராது, போட்டதும் ஒன்றுதான் போடாததும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். ஒரு மனிதர் லோடையே நிறுத்துகிறேன் என்று நிற்கிறார், நான் அவருக்கு நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வடக்கேயிருந்து ஒரு வியாபாரியின் ஆள் வந்தார். நல்ல மனிதர், எனக்கு ஒரு டப்பா இனிப்பு கொண்டுவந்தார். விலைப் பட்டியலைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார். வெளியாள் மெஷின் எதையும் நம் வயரில் சொருகக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது நான்தான். பேட்ச்தான் போட்டாச்சே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். பாருங்கள், ஊரை ஏமாற்ற எழுதியதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வயரை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொருகிவிட்டு, பட்டியல் ஏறுவதற்குள் சாப்பிட்டு வருகிறேன் என்று சிவகாசிக்குப் போனார்.

அவர் லேப்டாப்பில் ஒரு புழு இருந்தது, வைரஸ் ஜாதி. அது அவருக்கும் தெரியாது. தனக்கு எட்டுகிற மெஷினுக்கெல்லாம் அந்தக் கோணல் செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. எவனும் எங்களைக் குறிவைக்கவில்லை. அதை எழுதியவனுக்கு ஆமத்தூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்து இடி முழங்கியது. மணி அடித்தார்கள். ஐப்பசி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கிற மணிதான். பெண்களும் ஆண்களும் வெறுங்காலோடு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பேச்சும் சிரிப்பும். அப்போதுதான் காட்டின் கடைசியில் ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சிரிப்பு நின்றுபோனது.

பதினாறாம் நம்பர் ரூம். எப்படிப் பிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. அந்த ரூமில் இருந்த நாலு பேரும் ஷெட்டில் நின்றார்கள். அதற்குப் பக்கத்து ரூம் பதினேழு.

முத்துலட்சுமி டைம் ஆபீசிலிருந்து ஓடிவந்தார்.

"அண்ணே, ஸ்கிரீன் நகரவே மாட்டேங்கு. ரெண்டரைலயே நிக்கி, கடைசியாத் தேச்ச நாலு பேருதான் தெரியுது, முழுப் பட்டியல் வரல. உள்ள யார் யாருன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் சர்வர் பக்கம் திரும்பினேன். மவுஸை ஆட்டினேன். நகரவில்லை. கீபோர்டில் விளக்குகூட எரியவில்லை. விபூதிப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குள் போர்மேன் வந்துவிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. என்னைவிட எட்டு வயது சின்னவர். அந்தக் காட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். தீப்பிடித்துவிட்டால் எவனும் திரும்பிப் போகக் கூடாது, உள்ளே தங்கமே இருந்தாலும் போகக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் அவர். ரூம் வாரியாகத் தலை எண்ணியிருந்தார். ஒரு ஆள் குறைந்தது. பதினேழில் அன்று தனியாகத் திரி கட்டிக்கொண்டிருந்த தங்கமாரி. கூட வேலை பார்க்கிற இரண்டு பேரும் லீவு.

தங்கமாரியின் தங்கச்சி செல்வியும் அதே கம்பெனிதான், வேறு ரூம். "எங்கக்காவக் காணோம்ணே, எங்கக்காவக் காணோம்ணே" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போர்மேன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒத்தக் கேள்வி. தங்கமாரி உள்ளயா, வெளியயா? மணி அடிச்சு ஓடியாரப்ப பதினேழு வாசல்ல அவ செருப்பு கெடந்துச்சு. எல்லாரும் செருப்ப அங்கனயே விட்டுட்டுத்தான் ஓடியாராக, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் உள்ள எட்டிப் பாக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். அணைந்தது. மறுபடி அமுக்கினேன். பத்து நாளாகத் தள்ளிப்போட்ட ரீஸ்டார்ட் அப்போதுதான் நடந்தது. ஒழுங்காக அணைத்திருந்தால் நாலு நிமிடம். கழுத்தைப் பிடித்து அணைத்ததால், வட்டு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அது நீலத் திரையில் சதவீதம் எண்ண ஆரம்பித்தது. இரண்டு சதவீதம். மூன்று சதவீதம்.

"எம்புட்டு நேரம்ணே?"

"தெரியல. அஞ்சு நிமிஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம்."

"அவ்ளோ நேரம் பதினேழு தாங்காது. காத்து இந்தப் பக்கம் அடிக்கி. உள்ளயா, வெளியயா?"

மேஜையில் காலை பதினோரு மணிக்கு எடுத்த ஒரு பிரிண்ட் கிடந்தது. அதில் தங்கமாரி, பதினேழு, உள்ளே என்று இருந்தது. அதைக் காட்டவில்லை. நாலு மணி நேரத்துக்கு முந்தின பதில் பதிலே இல்லை. அவள் வெளியே போயிருப்பாள் என்று என் மனசுக்குள் ஏதோ சொன்னது. அதையும் சொல்லவில்லை.

"தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "தெரியாதுன்னா உள்ள இருக்கான்னுதான் வச்சுக்கிடணும்" என்றார். தண்ணித் தொட்டியில் ஒரு சாக்கை முக்கி மேலே போட்டுக்கொண்டு ஓடினார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே செல்வியும் ஓடப் பார்த்தாள். முத்துலட்சுமி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். செல்வி அவர் கையைக் கடித்துவிட்டாள். அவர் விடவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு சதவீதம். முப்பத்தொன்று. அந்த எண்களை நான் இன்றும் மறக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. அறுபதிலிருந்து ஒரேயடியாக நூறுக்குத் தாவியது, அந்த மெஷினுக்கு அப்படி ஒரு பழக்கம். பிறகு எழுந்தது. பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை பட்டியல் வந்தது.

தங்கமாரி. ரூம் 17. வெளியே. 1.10.

ஒன்று பத்து. பட்டியலில் அந்த வரி இரண்டு மணி நேரமாக இருந்தது. கேட்க ஆளில்லாமல் இல்லை, கேட்டவர்களுக்குச் சொல்லத்தான் அதற்கு வாயில்லை. நான் ஷெட்டைத் தாண்டி ஓடினேன். "அவ வெளிய! அவ வெளிய! வந்துரு தம்பி, வந்துரு!" தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாவது சத்தம் கேட்டது.

புகைக்குள்ளிருந்து போர்மேன் நடந்துதான் வந்தார். வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். முழங்கைக்குக் கீழே சட்டையும் தோலும் ஒன்றாகத் தெரிந்தன. இடது கையில் ஒரு ஜோடி செருப்பு.

"உள்ள ஆள் இல்ல" என்றார். "செருப்பு வார் அந்து கெடக்கு."

நடந்தது இதுதான். தங்கமாரியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பால்வாடியிலிருந்து சேதி வந்திருக்கிறது. செருப்பு வார் அறுந்துவிட, அதை அங்கேயே போட்டுவிட்டு, கேட்டில் அட்டையைத் தேய்த்துவிட்டு, வெறுங்காலோடு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள். அது சாப்பாட்டு நேரம். கேட்டில் மாற்று ஆள் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அவளைத் தெரியாது. தங்கச்சியிடம் சொல்ல நேரமில்லை. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அந்த இடம்தான் என் சர்வர்.

மறுநாள் முதலாளி ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பேட்ச் போட்டாச்சுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கியேய்யா."

"போட்டேன் மொதலாளி. அணைச்சு எழுப்பல. எழுப்பாம அது வேலை செய்யாது."

அவர் ஃபேனைப் பார்த்தார். "நான்தான அன்னைக்கு வேண்டாம்னேன்" என்றார். எனக்குத் தப்பித்துக்கொள்ள வழி விட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தேன்.

"இல்ல மொதலாளி. பொறகு நீங்களே கேட்டீக, அவசரமான்னு. நான்தான் அவசரமில்லன்னேன்."

அவர் ரெஜிஸ்டரை மூடினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

தங்கமாரி அந்தக் குறையை வைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதும் நேராக என் மேஜைக்கு வந்தாள். தனக்காக ஒரு மனிதர் கையைச் சுட்டுக்கொண்டார் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் வெளிய போனது உங்க பெட்டிக்குத் தெரியும்ல? தேச்சுட்டுத்தான போனேன்?"

"தெரியும்மா."

"பொறகு ஏன் சொல்லல?"

சொன்னேன். பெட்டிக்கு ஒரு நோய் வரும் என்று தெரிந்தது, மாத்திரை வந்தது, போட்டேன், ஆனால் ஒரு தடவை அணைத்து எழுப்பினால்தான் அது உள்ளே வேலை செய்யும், நான் எழுப்பவில்லை என்றேன். அவள் யோசித்தாள்.

"அப்ப மாத்திரைய வாயில போட்டு, முழுங்காம, பத்து நாளா நாக்குக்கு அடியிலயே வச்சிருந்தீகளாக்கும்? கேட்டவுகளுக்கெல்லாம் சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சுன்னு சொல்லிக்கிட்டு?"

ஆமாம் என்றேன். இத்தனை வருடத்தில் நான் போன எந்த டிரெயினிங்கிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

"எம்பிள்ளகூட அப்படிச் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முத்துலட்சுமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையில் செல்வி கடித்த இடத்தில் மஞ்சள் பற்று போட்டிருந்தார். ஸ்டோருக்குப் போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார், துடைத்தார், கேட்டில் மாட்டினார். வில்லைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஸ்குரூடிரைவர் குடுங்கண்ணே" என்றார். கொடுத்தேன். அட்டையும் இருந்தது, வில்லையும் இருந்தது. நான் ரிட்டையர் ஆகும்வரை இரண்டும் இருந்தன.

போர்மேனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ்ஸில் எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் கேட்டது வேறு.

"அண்ணே, அன்னைக்கு நீங்க 'வெளிய போயிட்டா'ன்னு சும்மா சொல்லியிருக்கலாம்ல? நான் போயிருக்க மாட்டேன்ல?"

அதைத்தான் நானும் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அன்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் கை தப்பித்திருக்கும்.

"சொல்லியிருந்தீகன்னா, நான் இனிமே உங்க பெட்டி சொல்றத நம்ப மாட்டேன்" என்றார். பிறகு சிரித்தார். "உக்காருங்க. அந்த ஆரஞ்ச உரிச்சுக் குடுங்க, ஒத்தக் கையால உரிக்க முடியல."

உரித்துக் கொடுத்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அவர் ஆரஞ்சைத் தின்றுகொண்டே, கொட்டையைத் துப்ப ஒரு பேப்பர் கேட்டார்.

இவ்வளவுதான். பேட்ச் போடுவது எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒருவர் வந்து அவசரமா என்று கேட்டால், அவர் லோடை நிறுத்தத் தயாராக நின்று கேட்கிறார் என்பதை மறக்காதீர்கள். வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதீர்கள். உங்கள் திரையில் ரீஸ்டார்ட் பாக்கியோடு ஆறு பச்சைப் பொட்டு இருக்கிறது. அவற்றின் பின்னால் என்ன ஓடுகிறது, யார் எதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

போர்மேன் மறுபடி வேலைக்கு வந்தார். வலது கையில் பெருவிரல் மட்டும்தான் நன்றாக மடங்கும். மற்ற நாலும் விறைத்துவிட்டன. அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல எல்லாம் துடைத்துச் சந்தனம் குழைத்து வைத்திருந்தோம். சர்வருக்குப் பொட்டு யார் வைப்பது என்று வந்தபோது, "நான் வைக்கேன்" என்று அவர் முன்னால் வந்தார். இடது கையால் பொட்டு வைக்கக் கூடாது, வலது கையால் குங்குமத்தை எடுக்க முடியாது. பெருவிரலைக் கிண்ணத்தில் முக்கி எடுத்துக்கொண்டு சர்வர் முன்னால் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு என்னமும் பேட்ச் பாக்கி இருக்கா?"

"காலைல ஒண்ணு போட்டேன்."

"எழுப்பியாச்சா?"

என் கண் வெளியே போனது. வாசலில் இரண்டு லாரி நின்றது. டெஸ்பாட்ச்காரர் வாயைத் திறந்தார், முதலாளி கையைக் காட்டி அடக்கினார்.

"அணைச்சு எழுப்புங்க" என்றார் போர்மேன். "நான் நிக்கேன்."

ரீஸ்டார்ட் செய்தேன். நாலு நிமிடம். முதலாளி, முத்துலட்சுமி, தங்கமாரி, செல்வி, டிரைவர்கள் எல்லாரும் சாம்பிராணிப் புகையில் நின்றார்கள். அவர் அந்த நாலு நிமிடமும் குங்கும விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். திரை வந்தது, பட்டியல் வந்தது. நான் தலையை ஆட்டியதும் குனிந்து பொட்டு வைத்தார்.

பொட்டு கோணலாகத்தான் விழுந்தது. ஒருவரும் அதைத் திருத்தவில்லை.